ஷீட்டடியில் இரண்டு நாற்காலி

என் அக்கா முப்பத்து மூன்று வருஷம் ஜன்னல் இல்லாத அறையில் வேலை பார்த்தவள். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஈயத் தகடு அடித்த கனமான கதவுக்குப் பின்னால், எக்ஸ்ரே எடுக்கிற அறை. பெரிய டாக்டர் முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. கை ஒடிந்து வருகிறவர், இருமி இருமி வருகிறவர், சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டு வருகிற பிள்ளை, யாராக இருந்தாலும் சுவரோரம் நிறுத்தி, "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்பாள். படம் விழுந்ததும் "விடலாம்" என்பாள். அவள் விடலாம் என்று சொல்லாமல் எப்பேர்ப்பட்ட முரடனும் மூச்சு விட்டதில்லை. அவள் சொல்லியும் ஓர் இடத்தில் நிற்காத ஒரே ஆள் அவளுடைய புருஷன்.

மாமா சரக்குக் கப்பலில் ஃபிட்டர். எஞ்சின் அறையில் எது உடைந்தாலும் வெல்டிங் வைத்து, போல்ட் போட்டு முடுக்கி, திரும்ப ஓடவைக்கிற வேலை. பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. கல்யாணமான நாளிலிருந்து இதுதான். ஒரு தடவை அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் எனக்குக் கல்யாணம் ஆகி இருபத்தேழு வருஷம்ங்கறாங்க. அவர் வீட்ல இருந்த நாளைக் கூட்டினா நாலரை வருஷம்தான்டா வருது. நாங்க புதுசா கல்யாணம் ஆனவங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறாள். "அவர் இருக்கற மாசத்துக்கும் எனக்கும் ஒத்து வரலடா, அவ்வளவுதான்" என்றாள். பிறகு அடுப்பை அணைக்கப் போய்விட்டாள்.

நான் எலக்ட்ரீஷியன். அக்கா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். மாமா இல்லாத பத்து மாதமும் அந்த வீட்டில் ஃபியூஸ் போனாலும் நான், குழாய் ஒழுகினாலும் நான், மொட்டை மாடியில் பூனை குட்டி போட்டாலும் நான். ஆகையால் மாமாவைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் காரம் தூக்கலாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு தடவை கப்பல் ஏறுவதற்கு முன்னாலும் கம்பெனிக்கு நெஞ்சுப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். நுரையீரல் சுத்தமாக இருந்தால்தான் ஏற்றுவார்கள். அந்தப் படத்தை எடுக்கிறவள் யார்? என் அக்காவேதான். புருஷனைச் சுவரோரம் நிறுத்தி, மோவாயைத் தூக்கிவைத்து, தோளை முன்னால் தள்ளி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, படம் எடுத்து, உறையில் போட்டுத் தன் கையாலேயே வழியனுப்பிவைப்பாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, ஆஸ்பத்திரியில் போட்ட மாலையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "அவர் படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பார்க்கறப்ப, எங்கயாவது ஒரு சின்னப் புள்ளி இருக்கக் கூடாதான்னு தேடுவேன்டா. பெரிசா வேணாம். மாத்திரை சாப்பிட்டா போயிடற மாதிரி ஒரு புள்ளி. ஒரு வருஷம் ஏத்த மாட்டாங்க இல்ல." சொன்ன கையோடு தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். மாமாவின் நுரையீரல் ஒரு வருஷமும் ஏமாற்றவில்லை. பளிச்சென்றுதான் இருந்தது.

இனி கதை நடந்த இடத்துக்கு வருகிறேன். அக்கா வீட்டின் பின்கதவைத் திறந்தால், பதினெட்டு அடி நீளம், பத்தடி அகலத்தில் ஒரு சிமெண்ட் தரை. மேலே இரும்புக் குழாய்களின் மேல் ஷீட் போட்ட கூரை. மூன்று பக்கமும் திறப்பு. அதற்கென்று பெயர் எதுவும் கிடையாது, ஷீட்டடி என்போம். வீடு கட்டிய வருஷம் மாமா அங்கே நின்று, "இங்க நாம ரெண்டு பேரும் சாயங்காலத்துல உட்காரலாம்" என்றாராம். அந்த ஒரு வார்த்தையை அக்கா பத்திரமாக வைத்திருந்தாள். இடத்தைத்தான் வைத்திருக்க முடியவில்லை.

முடியாததற்குக் காரணமும் மாமாதான். லீவுக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து அங்கே போடுவார். கயிற்றுச் சுருள், துருப்பிடித்த வால்வு, பாதி பெயிண்ட் இருக்கிற டின், பால் மாவு டின் நிறைய போல்ட்டும் நட்டும். கேட்டால், "எப்பவாவது வேண்டியிருக்கும்" என்பார். செத்துப்போன வாஷிங் மெஷினுக்கும் கால் ஒடிந்த அலமாரிக்கும் அங்கேதான் அடைக்கலம். ஷீட்டில் ஓர் ஓட்டை வேறு. மழை பெய்தால் அலமாரிக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம் சமையலறை வரை கேட்கும். அக்கா பின்கதவைத் திறப்பதையே விட்டுவிட்டாள்.

அந்தக் குப்பைக்கு நடுவில்தான் அந்த இரண்டு நாற்காலிகளும் இருந்தன. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லீவில் மாமா இரும்புக் குழாயை வளைத்து, வெல்டிங் வைத்துச் செய்தவை. செய்தவர் சும்மா விட்டாரா? தரையைத் துளைபோட்டு, காலுக்கு ஒரு போல்ட்டாக மொத்தம் எட்டுப் போல்ட் போட்டு முடுக்கிவிட்டார். கப்பல் புத்தி. ஆடுகிற கப்பலில் கட்டிவைக்காத சாமான் ஆளை அடித்துவிடும். ஆடாத வீட்டில் அந்தக் கவலை வேண்டாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"மாமா, வீடே கவுந்தாலும் நாற்காலி தப்பிச்சுடும்" என்றேன்.

"சிரிக்காத மச்சான். நம்ம காலத்துக்கு அசையாது" என்றார்.

அதைக்கூட மன்னிக்கலாம். இரண்டு நாற்காலிக்கும் நடுவில் நாலடி இடைவெளி விட்டிருந்தார். ஆள் போகவர வழி வேண்டுமாம். அந்த வீட்டில் எந்த ஆள் போகிறார், எந்த ஆள் வருகிறார்? இவர் ஒருத்தர்தான் போகிறார், வருகிறார். வேலை முடிந்த மூன்றாம் நாள் கப்பல் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அந்த நாற்காலிகளில் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்தது இரண்டே சாயங்காலம். அதற்குப் பிறகு வந்த லீவுகளில் நாற்காலிகள் மேல் கயிற்றுச் சுருள் உட்கார்ந்திருந்தது.

அக்கா ஓய்வு பெற்ற ஐந்தாம் மாதம் எனக்குப் போன் செய்து உடனே வரச் சொன்னாள். ஏதோ ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்து டூல் பையோடு ஓடினேன். ஷீட்டடியில், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வாஷிங் மெஷினை முறைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"உங்க மாமா இன்னும் நாலு மாசத்துல வந்துடறாராம். அறுபது ஆகுது, இதோட போதும்னுட்டாரு."

"போதும்னு அவர் சொல்றது இது நாலாவது தடவை" என்றேன்.

"இந்தத் தடவை நிஜமா சொல்றாருடா. குரல்லயே தெரியுது." கொஞ்ச நேரம் நாற்காலிகளையே பார்த்தாள். "அவர் ஏன் திரும்பத் திரும்பப் போறாருன்னு எனக்குத் தெரியும். அவருக்கு இந்த வீட்ல உட்கார ஓர் இடம் இல்ல. ஹால்ல உட்கார்ந்தா டிவி, ரூம்ல உட்கார்ந்தா கட்டில். ஒரு மனுஷன் எத்தனை நாளைக்குச் சுவரையே பார்த்துட்டு இருப்பாரு? இந்த இடத்தை நல்லா பண்ணிட்டோம்னு வை, இருந்துடுவாரு."

வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். என் அக்கா எதற்கும் கெஞ்சிப் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்தக் கண்கள் கெஞ்சின.

அன்றிலிருந்து எனக்குச் சனி பிடித்தது. காலையில் வெளி வேலை, மத்தியானத்துக்கு மேல் அக்கா வேலை. குப்பையை அள்ளவே மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொரு டின்னையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றவிட்டாள். போல்ட் டின்னை மட்டும் கொடுக்கவில்லை, துடைத்து உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். கூரையில் ஓட்டை ஷீட்டைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். பக்கத்தில் நன்றாக இருந்த இரண்டு ஷீட்டையும் கழற்றச் சொன்னாள்.

"இது நல்லாத்தானே இருக்கு?"

"வெளிச்சம் உள்ள வர்ற ஷீட் இருக்கில்ல, அதைப் போடு. முப்பத்து மூணு வருஷம் பல்பு வெளிச்சத்துலயே இருந்தாச்சு. எனக்குன்னு கேக்கறது இது ஒண்ணுதான்."

போட்டேன். மறுநாள் காலையில் நான் போனபோது, காலித் தரையில் விழுந்த வெளிச்சத்துக்கு நடுவில் அக்கா சும்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் டீ ஆறிப்போயிருந்தது.

நாற்காலிகளில் துரு ஓர் அங்குலத்துக்கு ஏறியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கழற்றி வெளியே வைத்துத் தேய்த்தால் வேலை சுலபம் என்று ஒரு போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

"அதுல கை வைக்காத!"

"கழட்டிட்டு பெயிண்ட் அடிச்சு, திரும்பப் போட்டுடறேன். இன்னும் கொஞ்சம் பக்கமாவும் போட்டுக்கலாம். நாலடி தள்ளி உட்கார்ந்து என்னத்தைப் பேசுவீங்க? மைக் வெச்சா?"

"அவர் போட்டது போட்டபடி இருக்கட்டும். வந்து பார்த்தா, தன் கை வேலை அப்படியே இருக்குன்னு தோணும்ல."

ஆக, தரைக்குச் செங்கல் நிறப் பெயிண்ட் அடித்தபோது எட்டுப் போல்ட்டையும் சுற்றிச் சின்ன பிரஷ்ஷால் நகத்துக்குச் சாயம் பூசுவது மாதிரி பூசினேன். நாலடி இடைவெளியை என்ன செய்வது என்று பார்த்து, கால் ஒடிந்த அலமாரியின் பலகையை அறுத்து, இழைத்து, ஒரு மேஜை செய்து நடுவில் வைத்தோம். மேற்குப் பக்கம் வெயிலுக்கு மூங்கில் தட்டி. பழைய பெயிண்ட் டின்களைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, செடி. வாஷிங் மெஷினுக்குள்ளிருந்து எவர்சில்வர் டிரம்மை உருவி எடுத்து, உள்ளே ஒரு பல்ப் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டேன். போட்டதும் அத்தனை ஓட்டை வழியாகவும் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தரையெல்லாம் விழுந்தது. நானே செய்தது என்பதற்காகச் சொல்லவில்லை, பணம் கொடுத்தாலும் கடையில் அப்படி ஒரு விளக்கு கிடைக்காது.

சுவிட்ச் வைக்கும்போதுதான் பெரிய சண்டை. மாமா உட்கார்ந்தபடியே கை நீட்டினால் ஃபேன் சுவிட்ச் எட்ட வேண்டும் என்றாள். என்னை மாமாவின் நாற்காலியில் உட்காரவைத்து அளவு பார்த்தாள். மாமா ஆறடி ஆள். நான் ஐந்தே காலடி.

"மாமா மாதிரி சாய்ஞ்சு உட்காரு."

சாய்ந்தேன்.

"இன்னும். அவர் காலை நீட்டிப்பாரு. உனக்கு ஏன்டா கை இவ்வளவு குட்டையா இருக்கு?"

"அம்மாவைத்தான் கேக்கணும்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அக்கா கண்ணை மூடினாள். தன் தோளில் ஒரு விரலை வைத்துக் காற்றில் கோடு இழுத்தாள். "தோள் எலும்புலேர்ந்து முழங்கை முப்பத்தஞ்சு சென்டிமீட்டர். முழங்கைலேர்ந்து மணிக்கட்டு இருபத்தெட்டு. ஒரு தடவை வழுக்கி விழுந்துட்டு வந்தப்ப முழுக்கையும் படம் எடுத்தேன்." டேப்பைப் பிடித்து அளந்தேன். அவள் சொன்ன இடத்தில் சுவிட்ச் வைத்தேன். அவர் உள்ளே எப்படி இருப்பார் என்பது அவளுக்கு அத்துப்படி. கூட இருந்து பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. அன்றைக்கு என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மாமா அவ்வப்போது போனில் வருவார். சிக்னல் கிடைக்கிற துறைமுகத்திலிருந்து.

"என்ன அது, டொக்கு டொக்குன்னு சத்தம்?"

"பக்கத்து வீட்ல ஏதோ வேலை நடக்குதுங்க" என்று இவள் சொல்வாள். எனக்குச் சைகை காட்டிச் சுத்தியலை நிறுத்தச் சொல்வாள். போனை வைத்த பிறகும் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்பாள். ஐம்பத்தெட்டு வயது. காதோரம் நரை. பள்ளிக்கூடத்தை ஏமாற்றிவிட்டு வந்த பிள்ளையின் சிரிப்பு முகம் முழுக்க. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது.

மாமா வந்தார். பெட்டியைக்கூடத் திறக்கவிடாமல் அக்கா அவரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். சாயங்கால நேரம். கூரை வெளிச்சம் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. மாமா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். நேராகத் தன் நாற்காலிக்குப் போய், அதன் முதுகைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார்.

"ஆடல" என்றார். அப்புறம் உட்கார்ந்தார். கை நீட்டினார். சுவிட்ச் விரல் நுனியில் சரியாகப் பட்டது. ஃபேன் சுற்றியது. "இதெல்லாம் எப்படி பண்ணினே?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டபோது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்து, தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். அந்தச் செடிக்கு நான் ஏற்கெனவே தண்ணீர் ஊற்றியிருந்தேன்.

முதல் வாரம் இருவரும் அங்கேயே குடியிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். காலை டீ அங்கே, சாயங்கால டீ அங்கே. பத்து மாதமாக, ஏன், இருபத்தேழு வருஷமாகச் சேர்த்துவைத்த பேச்சு. ஆனால் அது நாலைந்து நாளில் தீர்ந்துபோயிற்று. அதை அக்காவே என்னிடம் சொன்னாள். "பேச எவ்வளவோ இருக்குன்னு நினைச்சேன்டா. எல்லாம் போன்லயே சொல்லிட்டோம் போலிருக்கு. பரவாயில்ல. பேசாம உட்கார்ந்திருக்கறதும் நல்லாத்தான் இருக்கு."

அவளுக்கு நன்றாக இருந்தது. மாமாவுக்குச் சும்மா இருக்க வரவில்லை. இரண்டாம் வாரம் மேஜை ஓரத்தில் சுற்றிவர ஒரு விரற்கடை உயரத்துக்குச் சட்டம் அடித்தார். எதற்கு என்று கேட்டேன். டம்ளர் வழுக்கி விழாமல் இருக்கவாம். "மாமா, இந்த மேஜை எங்க போகப்போகுது?" என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டு, செடி டின்களைக் கம்பியால் தூணோடு கட்டினார். மூன்றாம் வாரம் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துத் திரும்ப மாட்டினார். அதற்கு ஒரு கோளாறும் இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வீட்டுக்குள் எங்கேயாவது சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மாறினால் எழுந்துவிடுவார். அக்கா பேசாமல் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்து முடிப்பாள்.

ஏழாம் வாரம், ஒரு மத்தியானம், ஃபேனில் லேசாக இரைச்சல் வருகிறது என்று அக்கா கூப்பிட்டிருந்தாள். ஸ்டூலில் ஏறி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா கடைக்குப் போயிருந்தார். நாற்காலிகளுக்குத் தைத்துப் போட்டிருந்த மெத்தைகளை அக்கா வெயிலில் போட எடுத்தாள். மாமா நாற்காலியின் மெத்தையைத் தூக்கியதும் அப்படியே நின்றுவிட்டாள்.

அடியில் ஒரு பெரிய உறை. பழுப்பு நிறம். அந்த மாதிரி உறையில் எத்தனை ஆயிரம் படத்தைத் தன் வாழ்நாளில் போட்டிருப்பாள்! உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்காமலே அவளுக்குத் தெரியும். நெஞ்சுப் படம் எதற்கு என்றும் தெரியும். அந்த வீட்டில் மாமாவுக்கென்று இருந்த ஒரே இடம் அவள் செய்துகொடுத்த அந்த இடம்தான். பாவி மனுஷன் அங்கேயே கொண்டுபோய் ஒளித்துவைத்திருக்கிறார்.

படத்தை உருவினாள். கூரையின் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அவள் கேட்டு வாங்கிய வெளிச்சம். நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கவும் தோன்றவில்லை.

"யார் எடுத்தா இதை?" என்றாள். குரலில் எரிச்சல்தான் இருந்தது. "தோளைத் தள்ளவே இல்ல. மூச்சைப் பாதிதான் இழுத்திருக்காரு, அதைக்கூடப் பார்க்காம எடுத்திருக்கா." அப்புறம் இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், கீழ் மூலையைப் பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"சுத்தமா இருக்கு" என்றாள்.

மாமா கையில் வாஷர் பொட்டலத்தோடு வந்தார். அக்கா கையில் இருந்ததைப் பார்த்தார். பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார்.

"ஆறே மாசம்தான்" என்றார். "ஆள் கிடைக்கலன்னு கெஞ்சறாங்க. உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றாள் அக்கா. "வேற எங்கயோ போய் எடுத்துட்டு வந்திருக்கீங்க. சரியா எடுக்கல. வாங்க, இங்க வந்து நில்லுங்க."

"எங்க?"

"சுவரோரம் நில்லுங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். அவர் போய்ச் சுவரோரம் நின்றார். அக்கா அவர் மோவாயை இரண்டு விரலால் தூக்கிவைத்தாள். கைகளை எடுத்து இடுப்பில் வைத்தாள். தோள்களைப் பிடித்து முன்னால் தள்ளினாள். ரொம்ப மெதுவாகத் தள்ளினாள். நாலடி பின்னால் வந்து நின்றாள்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க."

மாமா இழுத்துப் பிடித்தார். முகத்தில் ஓர் அசட்டுச் சிரிப்பு. அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மாமாவின் சிரிப்பு போயிற்று. முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. விடலாம் என்கிற அந்த ஒரு வார்த்தைக்காக அவரும் காத்துக்கொண்டு நிற்கிறார், நானும் காத்துக்கொண்டு நிற்கிறேன். அவள் சொல்லவே இல்லை. கடைசியில் மாமா தானாகவே மூச்சை விட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார்.

"பார்த்தீங்களா, இருக்க முடியல" என்றாள் அக்கா. படத்தை உறையில் போட்டு, அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன். "உங்களுக்காகத்தானே மாமா இவ்வளவும் பண்ணினா" என்றேன். வேறு என்னென்னவோ கேட்க வாய் துடித்தது. இவ்வளவுதான் வந்தது.

"எனக்குத் தெரியாதா மச்சான்?" என்றார். நாற்காலியில் உட்காரப் போனவர் உட்காரவில்லை. "அங்க என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். காலைல எழுந்தா கைக்கு வேலை இருக்கு. இங்க எனக்கு உட்கார மட்டும்தான் வேலை. அவ பக்கத்துல உட்கார்ந்திருக்கணும்னுதான் அங்க இருக்கறப்ப எல்லாம் நினைப்பேன். வந்தா, உட்காரத் தெரியல." அவர் கண் கலங்கியிருந்தது. அதற்காக அவரை மன்னித்தேன் என்று அர்த்தமில்லை.

ஒன்பது நாள் கழித்துப் போனார். அக்கா வழக்கம்போலத் துணி மடித்துக் கொடுத்தாள். வாசலில் நின்று கை காட்டினாள்.

மறுநாள் டூல் பையில் ஸ்பேனரைப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். என் மனைவி தடுத்துப் பார்த்தாள். "உங்க அக்காவுக்கும் மாமாவுக்கும் நடுவுல நீங்க எதுக்கு?" என்றாள். நான் கேட்கவில்லை. அந்த ஆளுடைய நாற்காலியைப் பிடுங்கித் தெருவில் எறிய வேண்டும், அந்த இடத்தில் இரண்டு செடியை வைக்க வேண்டும் என்று இருந்தது. ஷீட்டடியில் அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் மேஜை. அந்தப் பக்கம் காலி நாற்காலி. மேஜைமேல் ஒரு டம்ளர், மாமா அடித்த சட்டத்துக்குள்ளே.

நான் மாமாவின் நாற்காலிக்கு முன்னால் குந்தி, முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினேன்.

"அது இல்லடா" என்றாள். எழுந்து நின்றாள். "என்னோடதைக் கழட்டு."

ஏன் என்று கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துப் போல்ட். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, உன்னி உன்னி, நாலையும் கழற்றுவதற்குள் கை கழன்றுவிட்டது. ஃபிட்டர் போட்ட போல்ட், சும்மா சொல்லக் கூடாது. அக்கா மேஜையை ஒரு பக்கமாகத் தள்ளினாள். தன் நாற்காலியைத் தானே இழுத்தாள். தரையில் கீச்சென்று சத்தம் வந்தது. மாமாவின் நாற்காலியோடு ஒட்டிப் போட்டாள், கைப்பிடியும் கைப்பிடியும் தொடுகிற மாதிரி. உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியின் கைப்பிடிமேல் தன் கையை வைத்துக்கொண்டாள். வெளிச்சம் அவள் மடியில் விழுந்தது.

நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன். நாற்காலி இருந்த இடத்தில் நாலு ஓட்டை. ஈரம் இறங்கினால் தரை கெட்டுப்போகும். பையிலிருந்து வெள்ளை சிமெண்டை எடுத்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, முதல் ஓட்டைக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"அதை அடைக்காத" என்றாள் அக்கா. "அவர் வர்றப்ப திரும்ப அங்கயே போட்டுடணும். நான் நகர்த்தினது தெரிய வேணாம்."